எத்தனை பேர்? எத்தனை பேரில்? – நோயின் அளவை அளத்தல்



'அ' என்னும் ஊரில் ஒரு மாதத்தில் 60 பேருக்கு டெங்குக் காய்ச்சல் ஏற்பட்டது. அதே மாதத்தில் 'ஆ' என்னும் ஊரில் 30 பேருக்கு ஏற்பட்டது. எந்த ஊரில் டெங்கு கூடுதலாகப் பரவியுள்ளது?

இந்த வினாவை வகுப்பில் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் 'அ' என்றே சொல்வார்கள். இப்போது இன்னொரு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். 'அ' ஊரின் சனத்தொகை 12,000. 'ஆ' ஊரின் சனத்தொகை 3,000.

'அ' ஊர்: 60 ÷ 12,000 × 1,000 = 1,000 பேருக்கு 5 நோயாளர்
'ஆ' ஊர்: 30 ÷ 3,000 × 1,000 = 1,000 பேருக்கு 10 நோயாளர்

விடை தலைகீழாக மாறிவிட்டது. புகை விசிறும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது முதலில் எந்த ஊருக்குப் போக வேண்டும்? எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் 'அ' ஊருக்கு அனுப்புவார். 'ஆ' ஊரவர் இருமடங்கு ஆபத்தில் இருந்தும் காத்திருப்பார்கள். ஆகவே இப்பாடம் வெறும் கணக்கு அன்று. யாருக்கு உதவி முதலில் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு.

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் தொற்றுநோய்களைப் படிக்கிறீர்கள். கணித பாடத்தில் விகிதத்தையும் சதவீதத்தையும் படிக்கிறீர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் இடமே நோயின் அளவை அளத்தல். இதனை ஆராயும் துறை தொற்றுநோயியல் எனப்படும்.

1. எண்ணிக்கையும் வீதமும்

நோயாளரின் தொகை எண்ணிக்கை ஆகும். அத்தொகையைச் சனத்தொகையோடும் காலத்தோடும் தொடர்புபடுத்திக் கூறுவது வீதம் ஆகும்.

வீதம் = (நோயாளர் எண்ணிக்கை ÷ அவர்கள் எந்தச் சனத்தொகையிலிருந்து வந்தார்களோ அந்தச் சனத்தொகை) × 1,000 அல்லது 10,000 அல்லது 100,000

எதனால் பெருக்குவது என்பது நோயின் தன்மையைப் பொறுத்தது. அரிதான நோயாயின் 100,000 ஆல் பெருக்கினால்தான் வாசிக்கத்தக்க ஓர் எண் கிடைக்கும். ஆனால் ஒப்பிடும் இரண்டு இடங்களுக்கும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும்.

வீதத்தின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஒரு கணக்கைப் பாருங்கள். 1854 ஆம் ஆண்டு இலண்டன் நகரில் கொலரா பரவியது. கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணம் என அக்காலத்தில் பலரும் நம்பினர். ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் நீரே காரணம் எனக் கருதினார். நகரின் தென்பகுதியில் ஒரே தெருக்களிலேயே இரண்டு கம்பனிகள் வீடுகளுக்கு நீர் வழங்கின. சதாக் அன்ட் வொக்ஸோல் கம்பனி, கழிவுகள் கலந்த இடத்தில் தேம்ஸ் நதி நீரை எடுத்தது. லம்பெத் கம்பனி 1852 இல் தன் நீரெடுக்கும் இடத்தை நதியின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. அந்த ஆண்டின் கொள்ளைநோய் தொடங்கி முதல் 7 வாரங்களில் ஏற்பட்ட இறப்புகளை ஸ்நோ இவ்வாறு கணித்தார்.

சதாக் அன்ட் வொக்ஸோல்: 40,046 வீடுகள், 1,263 இறப்புகள். 10,000 வீடுகளுக்குச் சுமார் 315.
லம்பெத்: 26,107 வீடுகள், 98 இறப்புகள். 10,000 வீடுகளுக்குச் சுமார் 38.

வீடுகளின் தொகையால் வகுத்த பின்னரும் 8 மடங்கு வித்தியாசம்! தெருவும் காற்றும் ஒன்று. நீர் மட்டுமே வேறு. கொலராக் கிருமியை நுணுக்குக்காட்டியில் இனங்கண்டு பலரும் ஏற்றுக்கொள்ளும் முன்பே, ஒரு வகுத்தல் கணக்கு நோயின் வழியைக் காட்டிவிட்டது.

2. கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பத்திரிகையிலோ வினாத்தாளிலோ நோய் பற்றிய ஓர் எண்ணைக் கண்டால் பின்வரும் நான்கையும் கேளுங்கள்.

(அ) எத்தனை பேர்?
(ஆ) எத்தனை பேரில்?
(இ) எவ்வளவு காலத்தில்?
(ஈ) புதிய நோயாளரா, அல்லது பழையவர்களும் சேர்ந்தா?

முதலாவது கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். மற்றைய மூன்றையும் கேட்பவரே விடயத்தை விளங்கிக்கொண்டவர். நான்காவது கேள்வியிலிருந்தே இப்பாடத்தின் இரண்டு முக்கிய அளவைகள் பிறக்கின்றன.

3. நிகழ்வு வீதம்

குறித்த ஒரு காலப்பகுதியில் புதிதாக நோய்வாய்ப்பட்டவர்களைக் கொண்டு கணிக்கப்படுவது நிகழ்வு வீதம் ஆகும்.

நிகழ்வு வீதம் = (குறித்த காலத்தில் ஏற்பட்ட புதிய நோயாளர் ÷ அந்நோய் ஏற்படும் ஆபத்திலுள்ளோர்) × 1,000 (அல்லது 100,000)

உதாரணம்: 2017 ஆம் ஆண்டு இலங்கையில் டெங்கு என அறிவிக்கப்பட்ட நோயாளர் 186,101 பேர். அவ்வாண்டின் சனத்தொகை சுமார் 2 கோடி 14 இலட்சம். எனவே நிகழ்வு வீதம் 100,000 பேருக்குச் சுமார் 870 ஆகும். 2009 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பேர் அறிவிக்கப்பட்டனர். அப்போதைய சனத்தொகை சுமார் 2 கோடி 4 இலட்சம். வீதம் 100,000 பேருக்குச் சுமார் 171. இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டால் நிகழ்வு வீதம் ஏறத்தாழ 5 மடங்காகியிருப்பதைக் காணலாம்.

"ஆபத்திலுள்ளோர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கொப்புளிப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். ஊரில் இதனை 'அம்மாள் வருத்தம்' என்பார்கள். ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. எனவே ஏற்கனவே வந்தவர்களைக் கழித்துவிட்டே கணிக்க வேண்டும்.

10 அ வகுப்பு: மாணவர் 40. முன்னரே நோய் வந்தவர் 8. இத்தவணையில் புதிதாக வந்தவர் 8. வீதம் = 8 ÷ 32 × 100 = 25 சதவீதம்.
10 ஆ வகுப்பு: மாணவர் 30. முன்னரே வந்தவர் 10. புதிதாக வந்தவர் 5. வீதம் = 5 ÷ 20 × 100 = 25 சதவீதம்.

மொத்த மாணவர் தொகையால் வகுத்திருந்தால் 20 சதவீதம், 16.7 சதவீதம் என இரண்டு வெவ்வேறு விடைகள் வந்திருக்கும். 10 அ வகுப்பிலேயே நோய் வேகமாகப் பரவியது எனப் பிழையாக முடிவு செய்திருப்போம். உண்மையில் இரு வகுப்புகளிலும் ஆபத்து சமமே.

4. நிலவுகை வீதம்

குறித்த ஒரு நேரத்தில் நோயுடன் இருப்பவர்கள் எல்லோரையும், புதியவர் பழையவர் என்ற பேதமின்றிச் சேர்த்துக் கணிப்பது நிலவுகை வீதம் ஆகும்.

நிலவுகை வீதம் = (அந்நேரத்தில் நோயுடன் இருப்போர் எல்லோரும் ÷ மொத்தச் சனத்தொகை) × 1,000 (அல்லது 10,000)

கிணற்றடியிலுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்வழியே விழும் நீர் புதிய நோயாளர். தொட்டியில் நிற்கும் நீர் தற்போது நோயுடன் இருப்பவர்கள். அடியிலுள்ள துவாரம் வழியே வெளியேறும் நீர், குணமடைந்தவர்களும் இறந்தவர்களும். குழாயை அளப்பது நிகழ்வு வீதம். தொட்டியை அளப்பது நிலவுகை வீதம்.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை பெறப்படுகிறது. தொட்டியின் நீர்மட்டம் குறைந்தால் குழாயில் வரும் நீர் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. துவாரம் பெரிதாகியும் இருக்கலாம் அல்லவா? நோயின் நிலவுகை, நிகழ்வையும் நோய் நீடிக்கும் காலத்தையும் பொறுத்தது.

நீரிழிவைப் பாருங்கள். இது முற்றாகக் குணமாவது அரிது. ஆயினும் நல்ல சிகிச்சை கிடைத்தால் நோயாளி நீண்ட காலம் வாழ்வார். அதனால் நிலவுகை வீதம் உயரும். இவ்வுயர்வின் ஒரு பகுதி, மக்கள் இறக்காமல் வாழ்கிறார்கள் என்ற நல்ல செய்தியே. தடிமலோ வருடம் முழுவதும் பலருக்கு வருகிறது. ஆனால் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. எனவே அதன் நிகழ்வு அதிகம். எந்த ஒரு நாளிலும் நிலவுகை ஒப்பீட்டளவில் குறைவு.

5. தொழுநோய் தரும் பாடம்

இவ்விரு வீதங்களையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

தொழுநோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கும் இலக்கை உலக சுகாதார நிறுவனம் 1991 இல் அறிவித்தது. இலக்கு என்ன? 10,000 பேருக்கு ஒருவரிலும் குறைவான நிலவுகை வீதம். இலங்கை இந்த இலக்கை 1995 ஆம் ஆண்டிலேயே தேசிய மட்டத்தில் எட்டியது. இது உண்மையில் பெரிய சாதனை. முன்னர் பல வருடங்கள், சிலருக்கு ஆயுள் முழுவதும் மருந்து தேவைப்பட்டது. 1980 களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஒப்பீட்டளவில் குறுகிய காலத்தில் நோயாளி குணமடைந்து பட்டியலிலிருந்து நீங்கினார். அதாவது தொட்டியின் துவாரம் பெரிதாகியது. நீர்மட்டம் சடுதியாக இறங்கியது.

குழாய்க்கு என்ன நடந்தது? அதன் பின்னரும் பல ஆண்டுகளாக, ஆண்டுதோறும் சுமார் 1,500 முதல் 2,000 வரையான புதிய தொழுநோயாளர் இலங்கையில் கண்டறியப்பட்டு வந்தனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். தொற்று ஏற்பட்டு அறிகுறி தோன்றச் சராசரியாக 5 வருடங்கள் வரை எடுக்கும் ஒரு நோய் சிறுவனிடம் காணப்படுகிறது என்றால், தொற்று அண்மைக்காலத்திலும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள்.

"இல்லாதொழிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கேட்டவர்கள் நோயே இல்லை என எண்ணிக்கொண்டால், தோலில் தோன்றும் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தழும்பை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். காலம் தாழ்த்தினால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை கால்களில் நிரந்தர ஊனம் ஏற்படலாம். ஆரம்பத்திலேயே காட்டினால் இலவச மருந்தால் முற்றாகக் குணமாகும். ஒரு வீதத்தைப் பிழையாக வாசிப்பதன் விலை ஒரு பிள்ளையின் விரல்களாகவும் இருக்கக்கூடும்.

6. இறப்பைக் கூறும் இரண்டு வீதங்கள்

நோயால் ஏற்படும் இறப்பு வீதம்: ஒரு நோயால் இறந்தோர் ÷ மொத்தச் சனத்தொகை.
நோயாளர் இறப்பு வீதம்: ஒரு நோயால் இறந்தோர் ÷ அந்நோய் ஏற்பட்டோர்.

2009 இல் டெங்குவால் இறந்தோர் 346 பேர். 2017 இல் சுமார் 440 பேர். இறப்புகளின் எண்ணிக்கை கூடியுள்ளது. ஆனால் நோயாளர் இறப்பு வீதத்தைக் கணித்துப் பாருங்கள்.

2009: 346 ÷ 35,000 × 100 = சுமார் 1 சதவீதம்
2017: 440 ÷ 186,101 × 100 = சுமார் 0.24 சதவீதம்

அதாவது 2009 இல் அறிவிக்கப்பட்ட 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் இறந்தார். 2017 இல் ஏறக்குறைய 400 பேருக்கு ஒருவர். நோய் பரவுவதைத் தடுப்பதில் நாம் பின்தங்கினோம். நோயாளரைக் காப்பாற்றுவதில் முன்னேறினோம். ஒரே நோய், ஒரே நாடு. எந்த வீதத்தைக் கேட்கிறோமோ அதற்கேற்பச் செய்தி மாறுகிறது.

கவனிக்குக: நோயாளர் இறப்பு வீதத்தின் பகுதியெண் அறிவிக்கப்பட்டவர்களின் தொகையாகும். இலேசான காய்ச்சலுடன் வீட்டிலேயே இருந்து சுகமடைந்தவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

7. எண்களை யார் திரட்டுகிறார்கள்?

தொகுதியெண் எங்கிருந்து வருகிறது? 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சில நோய்கள் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாக உள்ளன. டெங்கு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், கொப்புளிப்பான் முதலியன அவற்றுட் சில. இவ்வாறான நோய் எனச் சந்தேகித்தாலே, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் வைத்தியர் அப்பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பார். வாராந்தத் தொகுப்பு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும்.

இச்சங்கிலி வைத்தியரிடம் செல்வதிலிருந்தே தொடங்குகிறது. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்திருந்தால் அந்நோயாளி எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாதவரின் வீட்டுக்கு எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை.

பகுதியெண் எங்கிருந்து வருகிறது? குடிசன மதிப்பீட்டிலிருந்து. யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கின் பல பகுதிகளில் 2001 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை முழுமையாக நடத்த முடியவில்லை. 1981 க்குப் பின் நாடு முழுவதும் மதிப்பீடு நடந்தது 2012 இல்தான். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை (கிளிநொச்சி நீங்கலாக) 1981 இல் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். 2012 இல் இம்மாவட்டத்தில் ஒரு நோய் 1,000 பேருக்கு ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம்.

பழைய தொகையால் வகுத்தால்: 100,000 பேருக்குச் சுமார் 136
சரியான தொகையால் வகுத்தால்: 100,000 பேருக்குச் சுமார் 172

இடம்பெயர்ந்து சென்றவர்களையும் பகுதியெண்ணில் வைத்துக்கொண்டால், எஞ்சியிருப்பவர்களின் ஆபத்து குறைவாகத் தோன்றும். நோயாளரை எண்ணுவதைப் போலவே மக்களை எண்ணுவதும் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

8. பூச்சியத்தையும் எண்ண வேண்டும்

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பின்னர் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளால் 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் போய்விட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்பும் மருந்து விசிறலும் தளர்ந்தன. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பல்லாண்டு உழைப்பின் பின், உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. ஆயினும் வெளிநாடுகளில் தொற்றுப்பெற்று வருபவர்களைக் கண்டறியும் பணி தொடர்கிறது. வீதம் பூச்சியமாகும்போதும் எண்ணுவதை நிறுத்தக்கூடாது என்பதை 1963 நமக்குக் கற்பித்துள்ளது.

9. மாதிரி வினாவும் விடையும்

ஒரு பாடசாலையில் 800 மாணவர்கள் உள்ளனர். யூன் 1 ஆம் திகதி 20 பேருக்குக் கண்நோய் இருந்தது. யூன் மாதத்தில் மேலும் 39 பேருக்குப் புதிதாக ஏற்பட்டது. மாத இறுதிக்குள் மொத்தம் 45 பேர் குணமடைந்தனர். (ஒருவருக்கு அம்மாதத்தில் ஒருமுறை மட்டுமே நோய் ஏற்பட்டதாகக் கொள்க.)

(i) யூன் 1 இல் நிலவுகை வீதம் யாது?
20 ÷ 800 × 100 = 2.5 சதவீதம்.

(ii) யூன் மாத நிகழ்வு வீதம் யாது?
ஆபத்திலுள்ளோர் = 800 − 20 = 780. எனவே 39 ÷ 780 × 100 = 5 சதவீதம்.

(iii) யூன் 30 இல் நிலவுகை வீதம் யாது?
நோயுடன் எஞ்சியோர் = 20 + 39 − 45 = 14. எனவே 14 ÷ 800 × 100 = 1.75 சதவீதம்.

(iv) "நிலவுகை வீதம் குறைந்துள்ளதால் நோய் பரவுவது நின்றுவிட்டது" என ஒரு மாணவன் கூறுகிறான். இக்கூற்றை ஏற்கிறீரா?
ஏற்க முடியாது. நிலவுகை குறைந்தமைக்குக் காரணம் பலர் குணமடைந்தமையே. அதே மாதத்தில் 39 புதிய நோயாளர் தோன்றியுள்ளனர். எனவே நோய் பரவிக்கொண்டிருந்தது.

மாணவர் வழமையாக விடும் பிழைகள்

• புதிய நோயாளரையும் பழையவரையும் சேர்த்து நிகழ்வு வீதம் கணித்தல்.
• நிகழ்வு வீதத்தில் ஆபத்திலுள்ளோரை விடுத்து மொத்தத் தொகையால் வகுத்தல்.
• விடையில் "1,000 பேருக்கு", "100,000 பேருக்கு" என்பதையும் காலப்பகுதியையும் எழுதாது விடுதல்.
• சனத்தொகை வேறுபடும் இரண்டு இடங்களை எண்ணிக்கையால் ஒப்பிடுதல்.

பயிற்சியாக, அடுத்த முறை பத்திரிகையில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை மாவட்டவாரியாக வெளிவரும்போது உங்கள் மாவட்டத்தையும் கொழும்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டினதும் சனத்தொகையைத் தேடி எடுத்து, 100,000 பேருக்கு எத்தனை எனக் கணித்துப் பாருங்கள். உங்கள் மாவட்டம் பட்டியலில் எந்த இடத்துக்கு மாறுகிறது என்பதைக் கொப்பியில் எழுதி, காரணத்தையும் இரண்டு வரிகளில் குறிப்பிடுங்கள்.